தலை திரும்பாத பிள்ளை

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு. விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அன்றைக்கும் சப்பாத்திதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு படியிறங்கும்போது ஊரிலிருந்து என் தமக்கை போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்று ஸ்கான் எடுத்தார்கள். முப்பத்தாறு வாரம் ஆகிறது. குழந்தை இன்னும் தலை திரும்பவில்லையாம். கால் மாறிக் கிடக்கிறதாம்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் குரல் எழவில்லை.

போனை வாங்கிக்கொண்ட அவள் மாமியார், "தம்பி, நீங்கள் டாக்டருக்குத்தானே படிக்கிறீர்கள்? நீங்களாவது சொல்லுங்கள். புரண்டு படுக்காதே, எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பிப் படு என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். இவள் கேட்டால்தானே? எங்கள் வழியில் ஒருவருக்கும் இப்படி ஆனதே இல்லை!" என்று பொரிந்து தள்ளினார்.

நான் இன்னும் டாக்டர் அல்ல. கடைசி ஆண்டுத் தேர்வை எதிர்நோக்கி நடுங்கிக்கொண்டிருக்கும் மாணவன். ஆனாலும் அன்றிரவு சாப்பாட்டை மறந்து, மகப்பேற்று நூலின் அந்த அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பரீட்சைக்குப் படித்தபோது மனத்தில் ஒட்டாதவையெல்லாம் அன்று ஒட்டிக்கொண்டன. மறுநாள் என் ஆசிரியரிடம் சென்று ஐயங்களைக் கேட்டறிந்தேன். அவ்வாறு தெரிந்துகொண்டவற்றை நம் சங்க மலரின் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

"இது பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும் சங்கதி, இயந்திரவியல் படிக்கும் எனக்கும் பொருளாதாரம் படிக்கும் அவனுக்கும் இது எதற்கு?" என்று சில நண்பர்கள் நினைக்கலாம். உங்களுக்கும் அக்காளோ, அண்ணியோ, நாளைக்கு மனைவியோ இருக்கப் போகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளை என்று போன் உங்களுக்குத்தான் வரும். அப்போது என்ன சொல்வீர்கள்?

தலைகீழ் எது?

உலகத்தில் தலைகீழாய் நிற்பது தவறு. தாயின் வயிற்றிலோ அதுவே சரியான நிலை. பிறக்கப் போகும் குழந்தை தலையைக் கீழேயும் காலை மேலேயும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வாறன்றித் தலை மேலே இருக்க, பிட்டமோ பாதமோ கீழே இருந்தால், அதைத்தான் டாக்டர்கள் 'பிரீச்' என்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் 'கால் மாறிய பிள்ளை' என்பார்கள்.

ஏழாம் மாதம் வரையில் இது ஒரு பொருட்டே அல்ல. 28 வாரத்தில் பார்த்தால் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் இருக்கும். அப்போது பனிக்குடத்தில் நீர் மிகுதி, குழந்தை சிறிது. குளத்து மீனைப் போல நினைத்தபடி புரளும். வளர வளர இடம் நெருக்கமாகிறது. கருப்பை தலைகீழாய்த் தொங்கவிட்ட பேரிக்காயைப் போன்றது. மேற்புறம் அகலம், கீழ்ப்புறம் குறுகல். மடக்கிய கால்களும் பிட்டமும் சேர்ந்தால் தலையைவிடப் பெரிய மூட்டை. ஆகவே பெரிய மூட்டை அகன்ற பக்கத்துக்கும், தலை குறுகிய பக்கத்துக்கும் சென்று அமைகின்றன என்று விளக்கம் கூறுவர். மாதம் நிறையும்போது 100 குழந்தைகளில் 96 அல்லது 97 தலையைக் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. எஞ்சிய மூன்று நான்கு மட்டும் திரும்புவதில்லை.

அப்படித் திரும்பாத பிள்ளைகளும் மூன்று விதமாய் இருப்பார்கள். பெரும்பாலோர் கால்களை முழங்காலில் மடக்காமல் நேரே நீட்டி, பாதத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு, பிட்டத்தைக் கீழே காட்டியபடி இருப்பார்கள். சிலர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வேறு சிலர் ஒரு பாதத்தையோ இரண்டையுமோ கீழே நீட்டி, இறங்கப் படி தேடுபவர்போல் இருப்பார்கள். இந்த மூன்றாம் வகைதான் மிகவும் கவலைக்குரியது.

குற்றவாளி யார்?

தமக்கையின் மாமியார் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். தாய் புரண்டு படுத்ததால் குழந்தை மாறிவிடுமா? மாறாது. குனிந்து கோலம் போடாததாலும் மாறாது; கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் மாறாது. தாய் செய்த எந்தக் காரியமும் இதற்குக் காரணமில்லை.

சில காரணங்கள் மருத்துவத்துக்குத் தெரியும். பனிக்குட நீர் மிகக் குறைந்திருத்தல் அல்லது மிக அதிகமாயிருத்தல், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்திருத்தல், கருப்பையில் நார்க்கட்டி இருத்தல், அல்லது அது பிறவியிலேயே தடுப்புச் சுவரோடு அமைந்திருத்தல், இரட்டைக் குழந்தைகள், மாதம் நிறையாமல் வரும் பிரசவம், அரிதாகக் குழந்தையின் உடலில் ஏதேனும் குறை. டாக்டர் ஸ்கான் எடுத்து இவற்றைத் தேடுவது அதனால்தான். ஆனால் பெரும்பாலான தாய்மாரிடம் இவற்றில் ஒன்றுமே இராது. காரணமின்றியே பிள்ளை திரும்பாமல் இருந்துவிடும்.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. நார்வே நாட்டில் 1967 முதல் பிரசவங்களையெல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களும் பிள்ளை பெற்றார்கள். இரு தலைமுறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாய் தான் பிறந்தபோது பிரீச்சாக இருந்திருந்தால், அவளுடைய தலைச்சன் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தந்தை அப்படிப் பிறந்திருந்தாலும் அதே இரண்டு மடங்கு! வயிறு தாயினுடையது, ஆனால் பிள்ளையின் போக்கில் தந்தையின் பங்கும் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. மறுநாள் மாமியாரிடமே பேசினேன். "அம்மா, அத்தான் பிறந்தபோது தலை முன்னால் வந்ததா, கால் முன்னால் வந்ததா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கால்தான் தம்பி. அதனால்தானே இடுப்புப் பிடிப்பு என்றால் ஊரில் எல்லாரும் இவனைக் காலால் மிதிக்கச் சொல்லி வாசலில் வந்து நிற்கிறார்கள்!" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் தமக்கை எப்படிப் படுத்தாலும் கேட்பாரில்லை.

காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்பு வலி போகும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் என் தமக்கையின் மேலிருந்த பழி போயிற்று என்பதை மறுக்க மாட்டேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பழி இல்லை என்பதால் பயமே வேண்டாம் என்பதல்ல. எங்கே ஆபத்து என்று அறிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் உடலில் பெரியதும் கடினமானதும் தலை. இயல்பான பிரசவத்தில் அந்தத் தலை முதலில் வருகிறது. பல மணி நேரம் மெல்ல மெல்ல இறங்கி, மண்டை எலும்புகள் சிறிது நெருங்கிக் கொடுத்து, வழியை அகலமாக்கிக்கொண்டு வெளிவருகிறது. தலை வந்துவிட்டால் உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பிரீச்சில் இந்த வரிசை மாறிவிடுகிறது. மெல்லிய உடல் முதலில் வந்துவிடும். சில சமயம் கருப்பை வாய் முழுதும் திறக்குமுன்பே வந்துவிடும். பிறகு பெரிய தலை சிக்கிக்கொள்ளலாம். தொப்புள் வரை வெளியே வந்த பிறகு, கொப்பூழ்க்கொடி தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் இடையே நசுங்குகிறது. குழந்தைக்குப் பிராணவாயு வருவது அந்தக் கொடி வழியாகத்தான். ஆகவே தலை வெளிவருவதற்கு மணிக்கணக்கில் அவகாசம் இல்லை, நிமிடக் கணக்குதான். பதறி இழுத்தாலோ, கை மேலே தூக்கிக்கொண்டு தலை இன்னும் இறுகும். பழகிய கைக்கு எப்போது தொடக்கூடாது என்று தெரியும். பழகாத கைக்கு அது தெரியாது.

இன்னோர் ஆபத்து பனிக்குடம் உடையும்போது நேர்வது. தலை கீழே இருந்தால் அது ஒரு தக்கையைப் போல வாயை அடைத்துக்கொள்ளும். பாதம் கீழே இருந்தால் இடைவெளி வழியாகக் கொப்பூழ்க்கொடி நழுவி வெளியே வந்துவிடலாம். ஆகையால் பிரீச் என்று தெரிந்த தாய்க்கு நீர்க்குடம் உடைந்தால், வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. அந்த நொடியே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயலாமல், தாயை முழங்காலும் மார்பும் தரையில் படக் கவிழ்ந்து இடுப்பை உயர்த்தச் செய்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

மூன்று வழிகள்

36 வாரத்தில் பிரீச் என்று தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, குழந்தையை வெளியிலிருந்தே கையால் திருப்புவது. தலைச்சன் பிள்ளைக்காரிக்கு 36 வாரத்திலிருந்தும், முன்பே பிள்ளை பெற்றவளுக்கு 37 வாரத்திலிருந்தும் இதைச் செய்யலாம். கருப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, ஸ்கானில் பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, பிறகு டாக்டர் இரு கைகளாலும் தாயின் வயிற்றின் மேல் அழுத்திப் பிள்ளையைக் குட்டிக்கரணம் போடச் செய்கிறார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொஞ்சம் வலிக்கும், தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். மொத்தத்தில் இரண்டில் ஒன்று வெற்றி பெறுகிறது. தலைச்சனாயின் 10-இல் 4, அடுத்த பிரசவங்களில் 10-இல் 6. திரும்பிய பிள்ளை மறுபடி பழைய நிலைக்கு வருவது 100-இல் ஐந்துக்கும் குறைவு. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு உடனே ஆபரேஷன் செய்ய நேரலாம். அதனால்தான் ஆபரேஷன் அறை அருகிலுள்ள மருத்துவமனையில் மட்டும் இதைச் செய்கிறார்கள். தாயின் ரத்தம் 'நெகடிவ்' வகையானால் அதற்குரிய ஊசியும் போட வேண்டும். நஞ்சுக்கொடி வழியை மறைத்திருந்தாலோ, அண்மையில் ரத்தம் போயிருந்தாலோ, நீர்க்குடம் உடைந்திருந்தாலோ இதைச் செய்யக் கூடாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஊரில் கைராசிக்காரி ஒருத்தி எண்ணெய் தடவி உருவிவிட்டாள், பிள்ளை திரும்பிவிட்டது என்று கதை சொல்வார்கள். டாக்டர் செய்வதும் கையால் திருப்புவதுதானே என்று தோன்றும். ஆனால் டாக்டரின் கைக்குப் பின்னால் ஸ்கானும், இதயத் துடிப்புக் கருவியும், ஆபரேஷன் அறையும் நிற்கின்றன. அவை இல்லாமல் உருவினால், நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் போனாலும் பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வழி, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். சாதாரணமாக 39 வாரம் நிறைந்த பின். மூன்றாவது வழி, பிரீச்சாகவே இயற்கையாகப் பெறுவது. இவ்விரண்டில் எது நல்லது என்பதை அறிய ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. கனடாவின் டொரான்டோ நகரத்து டாக்டர்கள் முன்னின்று, 26 நாடுகளில் 2088 தாய்மாரைக் கொண்டு செய்த அந்த ஆராய்ச்சியின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ, சிசேரியன் என்று திட்டமிட்டவர்களில் 100-க்கு 1.6, இயற்கையாக என்று திட்டமிட்டவர்களில் 100-க்கு 5. உலகெங்கும் மருத்துவமனைகள் உடனே சிசேரியன் பக்கம் சாய்ந்தன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, இறப்பிலும் மூளை வளர்ச்சிக் குறைவிலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் 2017-இல் தந்த கணக்கு இது: 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பு 2000-க்கு 1, திட்டமிட்ட பிரீச் பிரசவத்தில் 1000-க்கு 2, தலை கீழே இருக்கும் சாதாரணப் பிரசவத்தில் 1000-க்கு 1. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. அதுவும் பழகிய கை அருகில் இருந்தால்தான். அந்தக் கைப்பழக்கமோ 2000-க்குப் பிறகு பல இடங்களில் குறைந்துவிட்டது. மறுபுறம், சிசேரியன் தழும்பு அடுத்த பிள்ளைப்பேற்றில் தொல்லை தரலாம். அத்தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டால் பெரும் ரத்தப்போக்கு நேரும். எத்தனை பிள்ளை வேண்டும் என்பதையும் எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும்.

"எல்லாரையும் வெட்டிவிடுகிறார்கள், பணத்துக்காகச் சொல்கிறார்கள்" என்று அத்தான் வருந்தினார். அவர் ஐயம் முழுதும் ஆதாரமற்றதன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 100 பிரசவங்களில் 21 அல்லது 22 சிசேரியன்; தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 45. ஆனால் தேவையற்ற சிசேரியன்கள் உண்டு என்பதால் தேவையான சிசேரியனே இல்லை என்றாகிவிடாது. பிரீச் என்பது உண்மையான காரணங்களில் ஒன்று. பணம்தான் கவலையென்றால், அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவம் இலவசம் என்று 2011-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு திட்டம் வகுத்திருக்கிறது. கையால் திருப்பினால் பிரீச்சுக்கான சிசேரியனே வேண்டாமல் போகலாம் என்பதையும் அத்தானுக்குச் சொன்னேன். "இப்படி ஒரு வழி உண்டென்று யாரும் சொல்லவில்லையே!" என்றார். நாமாகக் கேட்டால்தான் பல வழிகள் தெரிய வருகின்றன.

பிறகு என்ன நடந்தது?

37-ஆம் வாரத்தில் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் என் தமக்கைக்குத் திருப்பும் முயற்சி நடந்தது. முதல் தடவை பிள்ளை பாதி தூரம் வந்து, பிடிவாதமாய்ப் பழைய இடத்துக்கே போய்விட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. டாக்டரம்மாள் கையை எடுத்துவிட்டு, "இதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு மேலே உட்காரத்தான் பிடித்திருக்கிறது" என்றாராம். தமக்கை சிரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். சில நாள் முன்பு குரல் எழாமல் நின்றவள் அவள்தானா என்று வியந்தேன். குழந்தை அப்போதும் திரும்பவில்லை. ஆனால் அவளுக்கு என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

மார்கழியில் 39 வாரம் நிறைந்ததும் நாள் குறித்து ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. வயிற்றில் இருந்த பழக்கத்தை விடாமல், பிறந்து சில நாள் வரை இரண்டு கால்களையும் முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாளாம். பாட்டி பயந்துபோனார். இவ்வகைப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள், தானே இறங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன், இறங்கிவிட்டது. ஆனால் ஒன்றை விடக் கூடாது. பிரீச்சாக இருந்த குழந்தைகளுக்கு, அதிலும் பெண் குழந்தைகளுக்கு, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆறு வாரத்தில் இடுப்பை ஸ்கான் செய்து பார்த்தால் எளிதில் சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கிய பின் கண்டால் கடினம். ஆறாம் வாரத்தில் பார்த்தார்கள், குறை ஒன்றுமில்லை.

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு நாள் அத்தகைய போன் வரலாம். அப்போது நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை எந்த விதமாக இருக்கிறது? திருப்பிப் பார்க்க முடியுமா? முடியாவிட்டால் எந்த வாரத்தில், எந்த மருத்துவமனையில்? இடையில் வலி வந்தாலோ நீர்க்குடம் உடைந்தாலோ அங்கே போய்ச் சேர வண்டி எது? 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டரே பார்க்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. அன்று போய்க் கேட்டாலும் போதும். இவற்றையெல்லாம் சொல்வதற்கு முன், அழுதுகொண்டிருப்பவளிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அக்கா, இதில் உன் தவறு ஒன்றுமில்லை."

என் மருமகள் இப்போது தவழ்கிறாள். விடுமுறைக்குப் போனபோது, தரையில் படுத்திருந்த என் முதுகின் மேல் ஏறி இரண்டு காலாலும் மிதித்தாள். எனக்கு இடுப்பு வலி ஒன்றும் இல்லை. இருந்தாலும், "போய்விட்டது, போய்விட்டது!" என்று கத்தினேன். அவள் பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.